“வேற கலர் இருக்கா?” – காப்பகத்தில் நிறமும் தத்தெடுப்பும்

“வெள்ளையா ஏதாவது இருக்குங்களா?”

தத்தெடுப்பு மேசையில் உட்கார்ந்தால் இந்தக் கேள்வி வராமல் ஒரு நாள் போகாது. வயது என்ன, குணம் எப்படி, குழந்தைகளோடு ஒத்துப்போகுமா என்பதெல்லாம் அப்புறம்தான். முதலில் நிறம். செம்மஞ்சள் பூனை, வெள்ளை நாய்க்குட்டி, நீலக் கண், முகத்தில் பட்டை என்று மனதில் ஒரு படத்தோடுதான் பலரும் வருகிறார்கள். கூண்டு வரிசையில் நடக்கும்போது கண் அந்தப் படத்தைத்தான் தேடும்.

பல வருடமாக ஒரு விலங்குக் காப்பகத்தில் வார இறுதிகளில் உதவி செய்கிறேன். படம் எடுப்பது, வருபவர்களோடு பேசுவது, பதிவேடு பார்ப்பது ஆகியவை என் பங்கு. கூண்டு கழுவுகிற அண்ணனில் தொடங்கி மருத்துவர் வரை அங்கே எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: கறுப்பு சீக்கிரம் போகாது. ஆங்கிலத்தில் இதற்கு ‘பிளாக் டாக் சிண்ட்ரோம்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் அதில் பாதிதான் உண்மை. அந்தப் பாதியையும் பெரும்பாலும் நம் கையாலேயே சரிசெய்துவிடலாம்.

முதலில் கணக்கு. ஒரு காப்பகத்துக்கு 20 நாய்கள் வருகின்றன, அதில் 8 கறுப்பு, மற்ற நான்கு நிறங்களில் தலா 3 என்று வைத்துக்கொள்வோம். எல்லா நிறத்திலும் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டால்கூட மிச்சமாக நிற்பதில் கறுப்புக்கு இரண்டோ மூன்றோ இருக்கும், மற்ற ஒவ்வொரு நிறத்துக்கும் ஒன்றுதான். பார்க்கிறவர் என்ன சொல்வார்? “பாருங்க, கறுப்பு மட்டும் அப்படியே நிக்குது.” அது நின்றுபோனதால் வந்த எண்ணிக்கை இல்லை, வந்ததே அதிகம்.

ஏன் அதிகம் வருகிறது என்பதற்கு மரபணுவில் விடை இருக்கிறது. நாய்களில் கறுப்பைத் தரும் முக்கியமான மரபணு மாற்றம் ஓங்கும் வகை. தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ ஒரு பிரதி வந்தாலே பெரும்பாலும் குட்டி கறுப்பாகிவிடும். இந்த மரபணுவை 2007இல் அடையாளம் கண்டார்கள். வட அமெரிக்காவின் கறுப்பு ஓநாய்களுக்கும் இது நாய்களிடமிருந்தே போனது என்று 2009இல் வந்த ஆய்வு சொல்கிறது. பூனைகளில் கதை வேறு. முழுக் கறுப்புக்குத் தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் அந்தப் பிரதி வந்தாக வேண்டும். ஆனாலும் அது பல ஊர்ப் பூனைகளிடமும் பரவலாகக் கிடப்பதால் ஈற்றுக்கு ஈற்று கறுப்பு தலைகாட்டிக்கொண்டே இருக்கும்.

ஆகவே ‘எத்தனை மிச்சம்’ என்று எண்ணாதீர்கள், ‘எத்தனை நாள் இருந்தது’ என்று பாருங்கள். வந்த தேதி, போன தேதி, நிறம், வயது, உடல் அளவு என்று ஐந்து கட்டம் போட்ட ஒரு நோட்டு போதும். ஒப்பிடும்போது ஒரே வயது, ஒரே அளவுள்ளவற்றை மட்டும் பக்கத்தில் வையுங்கள். ஏழு வயதுப் பெரிய கறுப்பு நாயையும் மூன்று மாத வெள்ளைக் குட்டியையும் ஒப்பிட்டுவிட்டு நிறத்தின் மேல் பழி போடுவதில் அர்த்தமில்லை. எங்கள் நோட்டைப் பார்த்தபோது நாய்களில் வயதும் அளவும்தான் பெரிதாகத் தெரிந்தன, நிறம் அவற்றுக்குப் பின்னால் வெகு தூரத்தில் இருந்தது. பூனைகளில் மட்டும் கறுப்பு கொஞ்சம் பின்தங்கியது உண்மை.

வெளியான ஆய்வுகளும் ஏறக்குறைய இப்படித்தான் இரண்டு பக்கமும் இழுக்கின்றன. கலிஃபோர்னியாவில் ஒரு காப்பகத்தின் பதிவுகளை வைத்து 2002இல் வந்த ஆய்வில் கறுப்பு நாய், கறுப்புப் பூனை இரண்டுமே தத்துப்போகும் வாய்ப்பு குறைவாக இருந்தது. நியூயார்க் மாநிலத்தில் இரண்டு காப்பகங்களை வைத்துச் செய்து 2013இல் வந்த ஆய்விலோ, நாய்கள் எத்தனை நாள் தங்குகின்றன என்பதில் நிறத்துக்குப் பங்கே தெரியவில்லை. அதே 2013இல் கொலராடோவில் பூனைகளைப் பார்த்தவர்கள், கறுப்புப் பூனை மற்றவற்றைவிடச் சில நாள்கள் கூடுதலாகக் காத்திருக்கிறது என்றார்கள். கூடுதல் இருக்கிறது, ஆனால் மாதக்கணக்கில் இல்லை, நாள்கணக்கில்தான். அதற்காக அலட்சியமாகவும் விட முடியாது. கூண்டு நிரம்பி வழிகிற காப்பகத்தில் ஒவ்வொரு விலங்கும் நான்கு நாள் கூடுதலாக இருந்தால் அடுத்து வருவதற்கு இடம் இருக்காது.

சரி, அந்தச் சில நாள் எங்கிருந்து வருகிறது? சகுனம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். கறுப்புப் பூனையைக் கண்டு பயப்படுபவர்கள் உண்டுதான். பிரிட்டனிலும் ஜப்பானிலும் அதே பூனை அதிர்ஷ்டம் என்று கொண்டாடுபவர்களும் உண்டு. ஆனால் எங்களிடம் வருகிறவர்களில் சகுனம் பேசுகிறவர்கள் குறைவு. பெரும்பாலானவர்கள் கறுப்பை வேண்டாம் என்று சொல்வதே இல்லை. அவர்கள் கண்ணில் அது படவே இல்லை, அவ்வளவுதான். கறுப்புப் பூனை மேல் ஏன் விருப்பம் குறைகிறது என்று 2020இல் வந்த ஓர் ஆய்வு, மூடநம்பிக்கையோடு இன்னொரு காரணத்தையும் சொன்னது: கறுப்புப் பூனையின் முகத்தில் என்ன உணர்ச்சி ஓடுகிறது என்று படிக்கக் கஷ்டமாக இருப்பதாக மனிதர்கள் நினைக்கிறார்கள். கூண்டு வரிசையில் நின்று பார்த்த யாருக்கும் இது உடனே புரியும். வெயிலிலிருந்து உள்ளே வருகிறவரின் கண் இருட்டுக்குப் பழகவே கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் முதல் நான்கைந்து கூண்டைத் தாண்டிவிடுவார். கறுப்பு நாய் கூண்டின் பின் மூலையில், கறுப்பு ரப்பர் விரிப்பின் மேல் படுத்திருந்தால் அவருக்குத் தெரிவது இரண்டு கண் மட்டும்தான்.

நாங்கள் முதலில் மாற்றியது விரிப்பைத்தான். கறுப்பு விலங்குகளுக்கு மஞ்சள், இளநீலம், வெளிர்ப் பச்சை என்று பழைய போர்வைகள். கூண்டுக்குப் பின் சுவரில் இருந்த விளக்கை முன்பக்கம், சற்று மேலே மாட்டச் சொன்னோம். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் கறுப்பு நாய் வெறும் நிழலாகிவிடும். முன்னாலிருந்து வந்தால் புருவம், கன்னம், மூக்குக்கு மேல் இருக்கும் சின்னச் சுருக்கம் எல்லாம் தெரியும். வாசலுக்கு அருகில் இருக்கும் கூண்டுகளில் கறுப்பு விலங்குகள் இருந்தால் அவற்றை உள்ளே தள்ளினோம், ஏனென்றால் அங்கேதான் வருகிறவர் கண் பழகாமல் இருக்கிறது. பூனைகளை முடிந்த மட்டும் மேல் அடுக்கில், நிற்கிறவரின் முகத்துக்கு நேராக வைத்தோம். இரண்டு கறுப்புப் பூனைகளை ஒரே கூண்டில் போடுவதையும் நிறுத்திவிட்டோம். சுருண்டு படுத்தால் தலை எது வால் எது என்றே தெரியாது, பிறகு எங்கே பிடித்துப்போவது?

ஒரே ஈற்றுக் குட்டிகளிலும் இதே கதை. வரி, வெள்ளை, கறுப்பு என்று ஐந்து குட்டி ஒன்றாக ஓடும்போது கறுப்புதான் கடைசி. எங்கள் காப்பகத்து அக்கா ஒருவர் வேறு வழி பண்ணுவார். வருகிறவர் உட்கார்ந்ததும் கறுப்புக் குட்டியை மட்டும் முதலில் கொண்டுவந்து மடியில் வைத்துவிடுவார். “மத்ததை எடுத்துட்டு வர்றேன், அதுவரைக்கும் இதைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க” என்பார். மற்றதைக் கொண்டுவர அவருக்கு எப்போதும் நிறைய நேரம் பிடிக்கும்.

அடுத்தது படம். என் வேலை என்பதால் இதில் கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன். இப்போதெல்லாம் நேரில் வருவதற்கு முன்பே கைபேசியில் பார்த்து முடிவு செய்துவிட்டு வருகிறார்கள். கட்டைவிரல் அளவுப் படத்தில் கறுப்பு நாய் ஒரு கறுப்புக் கட்டை. துரை என்று ஒரு பெரிய கறுப்பு நாய் எங்களிடம் இருந்தான். பரந்த நெஞ்சு, ஒரு காது மட்டும் மடங்கியது, யாரைப் பார்த்தாலும் காலில் சாய்ந்து நிற்கிற பழக்கம். அவனைப் பற்றி ஒரு விசாரணைகூட வராமல் வாரங்கள் போயின. அவன் படத்தை எடுத்துப் பார்த்தால் காரணம் தெரிந்தது. வெள்ளைச் சுவருக்கு முன், நிற்கிற மனிதர் உயரத்திலிருந்து, கீழ்நோக்கி எடுத்த படம். மடங்கிய காதைக் காணோம், கண்ணைக் காணோம், வெள்ளையில் ஓர் ஓட்டை போட்டதுபோல் இருந்தது.

கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். படத்தில் பெரும்பகுதி வெள்ளைச் சுவரோ வெயிலோ இருந்தால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், நாய் கரியாகிவிடும். கறுப்பு முகமே படம் முழுக்க அடைத்திருந்தால் நேர் எதிராக வெளிச்சத்தை ஏற்றிவிடும், ரோமம் சாம்பலடித்து வெளுத்துப்போகும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றே. திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான கைபேசிகளில் பக்கத்திலேயே சின்னச் சூரியன் போல ஒரு குறி வரும். அதை மேலேயோ கீழேயோ இழுத்து, கண்ணுக்கும் மூக்குக்கும் வித்தியாசம் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். பின்னணி வெளுத்துப்போனால் போகட்டும்.

ஃப்ளாஷ் போடவே கூடாது. நாய் பூனையின் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் இருக்கிறது. கறுப்பு முகத்தில் இரண்டு பச்சை விளக்கு எரிந்தால் யாருக்குத்தான் வீட்டுக்குக் கூட்டிப்போகத் தோன்றும்? உச்சி வெயிலும் வேண்டாம். முதுகு பளபளக்கும், முகம் இருண்டுவிடும். நிழலில் உட்காரவைத்து, முகம் திறந்த வானத்தைப் பார்க்கிற மாதிரி திருப்புங்கள். உள்ளே என்றால் சன்னலுக்குப் பக்கவாட்டில். கண்மணியில் ஒரு வெள்ளைப் பொட்டு மின்னும் பாருங்கள், அது விழுந்தால்தான் அந்த முகத்துக்கு உயிர் வரும். பின்னணிக்குப் புல்லோ செங்கல் சுவரோ சரியாக இருக்கும், கறுப்பும் வேண்டாம், பளிச்சென்ற வெள்ளையும் வேண்டாம். மண்டியிட்டு, நாயின் கண் உயரத்துக்கு இறங்கி எடுங்கள். எடுப்பதற்கு முன் ஈரத் துணியால் ஒரு தடவை துடையுங்கள். கறுப்பு ரோமத்தில் பொடுகும் வைக்கோல் தூசும் எப்படித் தெரியும் என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் புரியும். கழுத்துக்கு ஒரு சிவப்புத் துணியோ மஞ்சள் பட்டையோ கட்டுங்கள். நாலு அடி ஓடவிட்டுப் பிறகு எடுத்தால் வாய் திறந்து நாக்கு தொங்கும், அதுவே பாதி வேலையை முடித்துவிடும்.

நிழற்படத்தில் என்னென்ன இருந்தால் நாய் சீக்கிரம் போகிறது என்று 2015இல் ஓர் ஆய்வு வந்தது. நாய் கேமராவை நேராகப் பார்ப்பது, வெளியிடத்தில் நிற்பது, படம் கலங்காமலும் போதிய அளவிலும் இருப்பது ஆகியவை கைகொடுத்தன. எல்லாமே படம் எடுக்கிறவர் கையில் இருக்கும் விஷயங்கள். துரைக்கும் புல்வெளியில், சிவப்புத் துணி கட்டி, காலில் சாய்ந்து நிற்கிற மாதிரி மறுபடி எடுத்தோம். அவனைப் பார்க்க வந்த குடும்பத்துப் பெரியவர் கைபேசியைக் காட்டி, “இந்த மடங்கின காது நாய் எங்க இருக்கு?” என்றுதான் கேட்டார். கறுப்பு என்ற வார்த்தையே வரவில்லை.

பெயர் வைப்பதிலும் கவனம் வேண்டும். கறுப்பாக எது வந்தாலும் ப்ளாக்கி, கருப்பன் என்று எழுதிவிடுவது எங்கள் பழக்கமாக இருந்தது. ஒரே நேரத்தில் மூன்று ப்ளாக்கி இருந்தால் கூப்பிடுவது மட்டும் கஷ்டம் இல்லை, மருந்து மாறிப்போகும் ஆபத்தும் இருக்கிறது. ஆளுக்கொரு நிறத்தில் கழுத்துப் பட்டையும், அட்டையில் உடற்குறியும் கட்டாயம்: நெஞ்சில் வெள்ளைத் தீற்றல், இடது காதில் வெட்டு, இப்படி. இந்தக் குறிகளையே விளம்பர வரியிலும் போடலாம். ‘கறுப்பு ஆண் நாய், 3 வயது’ என்று எழுதினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள்.

இனி மறுபக்கம். எல்லோரும் கேட்கிற நிறத்துக்கும் தொந்தரவு உண்டு, அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. செம்மஞ்சள் பூனை என்றால் குழைந்துகொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையோடு வருகிறார்கள். நிறத்தை வைத்துப் பூனைக்கு என்ன குணம் சொல்கிறார்கள் என்று 2012இல் பார்த்தபோது செம்மஞ்சளுக்கு நட்பு, வெள்ளைக்கு ஒதுங்கும் சுபாவம், மூன்று நிறக் கலவைக்குப் பொறுமையின்மை என்று ஆட்கள் பிரித்துக் கொடுத்தார்கள். இது ஆட்களின் எண்ணம், பூனையின் குணத்தை யாரும் அளந்து சொன்னது இல்லை. கலிஃபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்தார் வளர்ப்பவர்களைக் கேட்டபோது, கறுப்பும் செம்மஞ்சளும் கலந்த பெண் பூனைகள் கொஞ்சம் சண்டைக்காரிகள் என்று பதில் வந்தது. அதுவும் வளர்ப்பவர் வாய்மொழிதான், வித்தியாசமும் சிறியது.

செம்மஞ்சளில் ஒன்று மட்டும் உறுதி: ஐந்தில் ஏறக்குறைய நான்கு ஆண். அந்த நிறம் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு ஒரு பிரதி போதும், முழுச் செம்மஞ்சளாக இருக்கப் பெண்ணுக்கு இரண்டும் வேண்டும். அந்தக் குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு விடுபட்டிருப்பதே காரணம் என்று ஸ்டான்ஃபோர்டு, க்யூஷு பல்கலைக்கழகக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்து 2025இல் வெளியிட்டன. ஆக ‘செம்மஞ்சள் பூனை பாசக்காரன்’ என்று சொல்கிறவர் பல நேரம் ‘கருத்தடை செய்த ஆண் பூனை இப்படி இருக்கும்’ என்பதைத்தான் சொல்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். என் ஊகம்தான்.

நிறத்தைப் பார்த்து எடுத்துப்போகிறவர்களில் சிலர் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். “மடியில வந்து உக்காரும்னு நினைச்சோம், பீரோ மேல போய் ஒளிஞ்சுக்குது.” அந்தப் பூனை எங்களிடமும் அலமாரி மேல்தான் இருந்தது. இப்போது நிறம் கேட்கிறவர்களிடம் நான் மறுக்கவோ பாடம் எடுக்கவோ போவதில்லை. அவர்கள் கேட்டதைக் காட்டுகிறேன். கூடவே, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், பகலில் யாராவது இருப்பார்களா, விளையாடுகிற பூனை வேண்டுமா சும்மா பக்கத்தில் கிடக்கிற பூனை வேண்டுமா என்று கேட்டுவிட்டு, அந்தப் பதிலுக்குப் பொருந்துகிற இன்னும் இரண்டையும் காட்டுகிறேன். அதில் ஒன்று அநேகமாகக் கறுப்பாகத்தான் இருக்கும், அதுதானே அதிகம் இருக்கிறது.

வெள்ளை கேட்பவர்களிடம் மட்டும் இரண்டு விஷயம் சொல்லாமல் அனுப்புவதில்லை. இரண்டு கண்ணும் நீலமாக உள்ள வெள்ளைப் பூனைகளில் 65 முதல் 85 சதவீதம் வரை காது கேளாதவை. ஒரு கண் மட்டும் நீலம் என்றால் சுமார் 40 சதவீதம். காது கேளாத பூனை அருமையாக வளரும், ஆனால் தெருவில் விட முடியாது. பின்னாலிருந்து திடீரென்று தொட்டால் பயந்து பிறாண்டும். தரையை லேசாகத் தட்டியோ விளக்கைப் போட்டு அணைத்தோதான் கூப்பிட வேண்டும். இரண்டாவது, வெயில். காது நுனியும் மூக்கும் வெளுத்த பூனைகளுக்கு வெயிலால் தோல் புற்றுநோய் வருவது அதிகம். காது ஓரத்தில் ஆறாத பொருக்கு தெரிந்தால் மருந்து தடவிக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கறுப்பு விலங்குகளுக்குக் கட்டணம் இல்லை என்று அறிவிக்கலாமா என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. கட்டணமில்லாமல் பூனை எடுத்தவர்கள் அதன் மேல் பாசம் குறைவாக வைக்கவில்லை என்று 2009 ஆய்வொன்று காட்டியிருக்கிறது, அதனால் கட்டணத்தைத் தள்ளுவதில் எனக்குத் தகராறு இல்லை. நிறத்துக்குத் தள்ளுவதில்தான். கறுப்பை விலை போகாத சரக்கு என்று நாமே பலகை எழுதி மாட்டுகிற மாதிரி ஆகிவிடும். நீண்ட நாள் தங்கியவற்றுக்கும் வயதானவற்றுக்கும் என்று வைத்தோம். தேவைப்படுகிற கறுப்பு விலங்குகள் அதிலேயே வந்துவிடும். ஆகஸ்ட் 17, பிரிட்டனில் அக்டோபர் 27 என்று கறுப்புப் பூனைகளுக்கான நாள்களும் உண்டு. அந்த நாளில் நல்ல படங்களாகப் போட்டால் பலன் இருக்கிறது, ‘ஐயோ பாவம்’ என்று போட்டால் அவ்வளவாக இல்லை.

இன்னொன்று, நிறத்துக்காகவே எடுக்கிறவர்களிடம் அது மாறும் என்றும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். தாய்க்குக் கர்ப்பத்தில் காய்ச்சல் இருந்திருந்தால் பூனைக்குட்டி வெள்ளியடித்தது போலப் பிறந்து, சில மாதத்தில் தன் சொந்த நிறத்துக்கு வரும். சயாமீஸ் வகையில் உடம்பு குளிர்ந்த இடம் கருக்கும். அறுவைக்கு முடி மழித்த இடத்தில் புது முடி கருமையாக முளைத்துவிட்டு, பிறகு மெல்ல வெளுக்கும். ஒருவர் கறுப்புப் பூனை கொண்டுபோன சில மாதத்தில் அழைத்து, “கறுப்புன்னு சொல்லித்தானே குடுத்தீங்க, இப்ப செம்பட்டையா ஆயிடுச்சு” என்றார். நாள் முழுக்க மொட்டைமாடி வெயிலில் கிடந்தாலும் கறுப்பு ரோமம் செம்பட்டையாகும், சாப்பாட்டில் டைரோசின் என்ற அமினோ அமிலம் குறைந்தாலும் ஆகும். என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். வீட்டில் மிஞ்சியதைத்தான் என்றார். பூனைக்கென்று உள்ள முழுமையான உணவுக்கு மாற்றச் சொல்லி, மருத்துவரிடம் ஒருமுறை காட்டச் சொன்னேன். புது முடி கறுப்பாக வளர்ந்து வர மாதக்கணக்கில் ஆகும் என்றும் சொன்னேன். “பரவாயில்லைங்க, இந்தக் கலரும் நல்லாத்தான் இருக்கு” என்று வைத்துவிட்டார். உணவை மாற்றினாரா என்று அடுத்த வாரம் நான்தான் கூப்பிட்டுக் கேட்டேன்.